இலையுதிர் காலத்தில் பார்க்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (ரொறன்ரோ கிழக்கு)

வேப்பங்காற்று | ஒக்டோபர் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் மார்க்கம் வீதி, எக்ளின்ரன் பக்கம் இருக்கிறோம். மகளின் பள்ளிக்கூட வேலைக்கென்று வசந்தத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினோம். இப்போது அவளைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றிவிட்டது. மே மாதம் ஒரே மரத்தில் ஐந்தாறு விதமான வார்ப்ளர் குருவிகள் நின்றன. ஜூலையில் பின்வளவு முழுக்க வண்ணத்துப்பூச்சி. இப்போது போனால் ஒன்றையும் காணவில்லை. மரம்தான் சிவந்து நிற்கிறது, சனமெல்லாம் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறது. தாங்ஸ்கிவிங்கோடு பைனாகுலரை அலுமாரிக்குள் வைத்துவிட வேண்டியதுதானா? எனக்குச் சனி ஞாயிறுதான் கிடைக்கும். கார் அவரிடம், நான் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

ஏரிக்கரை ஐயா | ஒக்டோபர் 6, இரவு 10:25

பிள்ளை, வைக்க வேண்டாம். மே மாதத்தில் பறவை பாடி உங்களைக் கூப்பிடும். இப்போது வாயைத் திறக்காது, நாங்கள்தான் போய் நிற்க வேண்டும். எந்த இடம், எந்தக் காற்று என்று தெரிந்தால் போதும்.

உங்களுக்குக் கிட்டவே ரொசெற்றா மக்ளெயின் தோட்டம் இருக்கிறது. கிங்ஸ்ரன் வீதியால் போகிற பஸ்ஸில் ஏறி பேர்ச்மவுண்டுக்குக் கிட்ட இறங்குங்கோ. ரோசாப் பாத்திகளைத் தாண்டினால் மண்மேட்டு விளிம்பு, கீழே ஒன்ராறியோ ஏரி. பருந்து, கழுகு எல்லாம் இந்த விளிம்போடுதான் போகும். காரணம் இதுதான்: வெயிலில் சூடேறின நிலத்திலிருந்து மேலே கிளம்புகிற காற்றில் ஏறித்தான் அவை சிறகடிக்காமல் தூரம் போகும். தண்ணீருக்கு மேல் அந்த ஏற்றம் கிடைக்காது. அதனால் வடகிழக்கிலிருந்து வருகிற கூட்டம் ஏரியைக் கண்டதும் கரையோடு தென்மேற்கே திரும்பிவிடும். வடமேல் காற்று அடித்தால் இன்னும் நெருக்கமாகக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். குளிர்க்காற்று வந்து மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாக இருந்தால் வேலைக்கு லீவு போடலாம். (நான் ஓய்வு பெற்றவன், சொல்வது சுலபம்.)

செப்டெம்பர் நடுவில் அகலச் சிறகுப் பருந்துகள் நூற்றுக்கணக்கில் ஒரே சுழலில் ஏறும். அந்தக் கட்டம் முடிந்தது. இப்போது ரேர்க்கி வல்ச்சர் என்கிற பிணந்தின்னிக் கழுகு, செவ்வால் பருந்து, சின்ன வல்லூறு வகைகள். மாதக் கடைசியில் பொன்கழுகு. அங்கே தொண்டர்கள் கதிரை போட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய் நில்லுங்கோ. கேட்டால் கோபிக்க மாட்டார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

பூச்சிப்பிள்ளை | ஒக்டோபர் 7, காலை 7:55

ஐயா சொன்ன இடம்தான், ஆனால் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் அக்கா. பத்து மணிக்கு முன் பருந்துகள் அநேகமாக மேலே ஏறாது. அதுவரைக்கும் குனிந்து அஸ்ரர் பூவைப் பாருங்கள். ஊதாப் பூ, நடுவில் மஞ்சள். ஒரே செடியில் சில பூக்களின் நடுப்பகுதி மட்டும் செம்பழுப்பாக மாறியிருக்கும். அவை வயதான பூக்கள், பெரும்பாலும் தேன் முடிந்தவை. தேனீ அதில் இறங்காமல் மஞ்சளாக இருப்பதற்கே போவதைக் கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

காலையில் அந்தப் பூவில் பம்பிள்பீ ஒன்று செத்தமாதிரித் தொங்கிக்கொண்டிருந்தால் அது சாகவில்லை. ஆண் தேனீ. கூட்டுக்குத் திரும்பிப் போகிற வழக்கம் அதற்கு இல்லை, பூவைப் பிடித்தபடியே இரவைக் கழிக்கும். ரோமத்தில் பனித்துளிகூட நிற்கும். வெயில் பட்டதும் வயிற்றுப் பகுதி விட்டுவிட்டுத் துடிக்கத் தொடங்கும். பறக்கிற தசை ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும், அதற்காகச் சிறகை அசைக்காமல் தசையை மட்டும் நடுக்கும். ஆணுக்குக் கொடுக்கு இல்லை, மகளைப் பயப்படாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் தொட வேண்டாம், அவ்வளவுதான்.

மதுரைக்காரன் | ஒக்டோபர் 7, மதியம் 12:30

நான் மிசிசாகா. நல்லா சொல்றீங்க, ஆனா எனக்கு இந்த சீசன் ஒரு மாதிரி சோகமாத்தான் படுது. எங்க ஊரில் அக்டோபர் என்றால் வாலாட்டி வரும், கண்மாயில் வாத்து இறங்கும், மழை வரும். எல்லாம் வருகிற மாதம். இங்கே எல்லாம் போகிற மாதம். போகிறதை எண்ணுவதில் என்ன சந்தோஷம்?

ஏரிக்கரை ஐயா | ஒக்டோபர் 7, பின்னேரம் 4:10

தம்பி, ரொறன்ரோவும் யாரோ ஒருவருக்குத் தெற்குத்தான். ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்த நெடுவால் வாத்து குளிர்காலம் முழுக்க இந்த ஏரியில்தான் கிடக்கிறது. கூட்டமாகச் சத்தம் போட்டால் மண்மேட்டுக்கு மேலேயே கேட்கும். ஜங்கோ என்று ஒரு சாம்பல் குருவி வடக்குக் காட்டிலிருந்து இந்த மாதம்தான் வருகிறது, ஏப்ரல்வரை உங்கள் வேலிக்கடியில் விதை பொறுக்கும். உங்கள் பக்கத்தில் போர்ட் கிரெடிட் துறைமுகத்துக்கு நவம்பரில் போய்ப் பாருங்கோ. கண்மாய் தோற்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெர்மோஸில் தேத்தண்ணி கொண்டு போனால் சண்டை சமமாக இருக்கும்.

மதுரைக்காரன் | ஒக்டோபர் 7, இரவு 8:05

சரி ஐயா, வாத்துக்கு நான் ஒத்துக்கிறேன். பூச்சிக்கு?

பூச்சிப்பிள்ளை | ஒக்டோபர் 8, காலை 8:20

பூச்சிக்கும் உண்டு அண்ணா. உங்கள் ஊரில் மழைக்கு முன்னால் மைதானத்தில் கூட்டமாகப் பறக்குமே மஞ்சள் தட்டான், தரையில் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்? அதே இனம் கோடைக் கடைசியில் ஒன்ராறியோவிலும் பறக்கிறது. வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிற கார்களின் பளபளப்பைத் தண்ணீர் என்று நினைத்துச் சுற்றும். மாலைதீவில் இந்தத் தும்பி ஒவ்வோர் ஒக்டோபரிலும் திடீரென்று நிறைந்துவிடும். அங்கே வசித்த சார்ள்ஸ் அண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் வருகிற தேதிகளைப் பல வருடம் குறித்துவைத்து, அவை இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா போகின்றன என்று 2009இல் எழுதினார்.

இங்கத்தைய வலசைத் தும்பி பச்சை டார்னர். பெரியது, கழுத்துப்பக்கம் பச்சை, ஆணுக்கு வால் நீலம். அதன் ஒரு வருட வலசையை மூன்று தலைமுறைகள் பிரித்துச் செய்கின்றன. இப்போது தெற்கே போகிறது இங்கே பிறந்தது, தெற்கைக் கண்டதே இல்லை.

மொனார்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் படிக்கிற ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் இதே ஸ்காபரோ வளாகத்தில்தான் பிரெட் அர்க்காட் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். இந்த வண்ணத்துப்பூச்சி குளிருக்கு எங்கே போகிறது என்று அவருக்கும் மனைவி நோராவுக்கும் பல பத்தாண்டுகள் தெரியாது. சிறகில் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டிப் பறக்கவிட்டார்கள், வட அமெரிக்கா முழுக்கத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். கடைசியில் அவர்களின் வேண்டுகோளைப் பார்த்துத் தேடப்போன கென் புரூகரும் கத்தலீனா அக்வாடோவும் 1975 ஜனவரியில் மெக்சிகோ மலையில், ஒயாமெல் ஊசியிலை மரங்கள் முழுக்க மொனார்க் மூடிக்கிடந்த இடத்தைக் கண்டார்கள். அடுத்த வருடம் அர்க்காட் நேரே போனார். பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த குவியலில் ஒட்டுத்தாளோடு ஒன்று கிடந்தது, மினசோட்டாவில் ஒட்டியது!

கோடை மொனார்க் சில வாரம்தான் வாழும். இப்போது போகிற தலைமுறை எட்டு மாதம் வரை தாங்கும், இனப்பெருக்கத்தை வசந்தம்வரை ஒத்திவைத்துவிட்டுக் கொழுப்பைச் சேர்க்கும். அந்தக் கொழுப்புக்கு அஸ்ரர், மஞ்சளாகப் பூக்கிற கோல்டன்ரொட் இரண்டின் தேன்தான் முதல். கோல்டன்ரொட் தும்மல் தரும் என்று வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தும்மல் தருவது அதே நேரத்தில் பூக்கிற ராக்வீட் என்ற களை. கோல்டன்ரொட் மகரந்தம் கனமானது, ஒட்டக்கூடியது, காற்றில் பறக்காது.

அந்தூரியம் | ஒக்டோபர் 8, காலை 11:45

நான் ஏஜக்ஸ். பிள்ளை, பூவை வெட்டாதே என்கிறாய், நேற்று வேறோர் இழையில் இலையையும் கூட்டாதே என்று எழுதியிருந்தாய். எங்கள் வளவில் பெரிய மேப்பிள் இரண்டு நிற்கின்றன. இலை நனைந்தால் நடைபாதையில் வழுக்கும், பேரப்பிள்ளைகள் ஓடுகிற இடம். அயலுக்குள் எங்கள் வீட்டு முற்றம் மட்டும் குப்பையாகக் கிடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இது போதாதென்று வெயிலடித்த அன்று சுவர் முழுக்க லேடிபக் வந்து மொய்த்து, யன்னல் இடுக்கால் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கூட்டித் தள்ளினால் மஞ்சளாக ஒரு நாற்றத்தண்ணி விடுகிறது. திரைச்சீலை போச்சு.

பூச்சிப்பிள்ளை | ஒக்டோபர் 8, பின்னேரம் 5:30

அன்ரி, நடைபாதையில் விடச் சொல்லவில்லை! பாதையிலும் புல்லிலும் கிடப்பதைச் செடிகளுக்கடியில் தள்ளிவிடுங்கள், அது போதும். பம்பிள்பீ கூட்டத்தில் இந்தக் குளிரைத் தாண்டுவது இனச்சேர்க்கை முடித்த இளம் ராணிகள் மட்டும். அவை மண்ணுக்குள் சில அங்குலம் தோண்டிப் படுக்கும், மேலே இலை போர்வையாக இருந்தால் உறைபனி ஆழமாக இறங்காது. மின்மினிப் புழுவும் அதற்குள்தான். இலையைப் பைக்குள் கட்டி வீதிக்கு வைத்தால் அவையும் சேர்ந்து போகும்.

உங்கள் சுவரில் வந்தது ஆசிய லேடிபக். தலைக்குப் பின்னால் வெள்ளையில் கறுப்பாக எம் எழுத்துப்போல ஒரு குறி இருக்கும். தெற்கு, மேற்குப் பார்த்த சுவரைக் குளிர்காலப் பாறைவெடிப்பு என்று எண்ணி வருகிறது. நசுக்காதீர்கள், வாக்யூமால் இழுங்கள், வெளியே யன்னல் இடுக்கை அடையுங்கள். 2001இல் இந்தப் பூச்சி திராட்சைக் குலைகளோடு சேர்ந்து நசுங்கி நயாகரா வைன் பலவற்றின் சுவையே கெட்டுப்போனது. உங்கள் திரைச்சீலை தனியாக இல்லை.

அந்தூரியம் | ஒக்டோபர் 8, இரவு 7:15

செடிக்கடியில் தள்ளலாம். முன் முற்றம் முழுதும் கூட்டத்தான் போகிறேன். அதில் மாற்றமில்லை.

நைட்ஷிப்ட் | ஒக்டோபர் 9, காலை 6:50

நான் டவுன்ரவுனில் ஒரு கட்டடத்தில் இரவுத் துப்புரவு. பைனாகுலர் எல்லாம் இல்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது கண்ணாடிச் சுவரின் அடியில் சின்னக் குருவிகள் கிடக்கும், சில உயிரோடு. இன்றும் ஒன்று. பச்சை கலந்த சாம்பல், நெற்றியில் மஞ்சள் கோடு, கை நிறையக்கூட இல்லை. கண் திறந்திருந்தது, பறக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னால் தூக்கிக் குப்பையில் போடு என்கிறார். என்ன செய்வது?

ஏரிக்கரை ஐயா | ஒக்டோபர் 9, காலை 7:05

தம்பி, உடனே: கடுதாசிப் பை ஒன்றில் மெல்ல வைத்து வாயை மடித்துக் கிளிப் போடுங்கோ. தண்ணீர், சாப்பாடு வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் மருந்து. கண்ணாடியில் மோதிய பறவைகளை மீட்கிற ஃபிளாப் கனடா அமைப்புக்கு அழைத்தால் எங்கே கொண்டு போவது என்று சொல்வார்கள். 1993 முதல் இதே வேலைதான் செய்கிறார்கள், விடியற்காலையில் தொண்டர்கள் கட்டடம் கட்டடமாக நடந்து பொறுக்குவார்கள். பையை வெளியே நிற்கிற பனியில் வைக்காதீர்கள், ஹீற்றருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

நீங்கள் சொன்னது பொன்முடிக் கிங்லெற். ஒரு லூனி (ஒரு டொலர்) நாணயத்தின் எடைதான் வரும். இரவில் பறந்து வந்து வெளிச்சத்துக்குள் மாட்டுப்பட்டு, விடிந்ததும் கண்ணாடியில் தெரிகிற மரத்தை மரம் என்று நம்பிப் போய் மோதும். ஒக்டோபரில் இதுவும் வெண்கழுத்துச் சிட்டும்தான் அதிகம் விழும்.

நைட்ஷிப்ட் | ஒக்டோபர் 9, பகல் 1:20

பையில் வைத்து அழைத்தேன். ஒருவர் வந்து எடுத்துப் போனார். என் லொக்கரில் இப்போது பைகள் வைத்திருக்கிறேன், கூட வேலை செய்கிற பிலிப்பினோ அக்காவும் கேட்டு வாங்கினார். மேற்பார்வையாளருக்குச் சொல்லவில்லை.

வேப்பங்காற்று | ஒக்டோபர் 9, இரவு 9:00

படித்துவிட்டு எங்கள் யன்னலைப் பார்த்தேன். கோடையில் ஒரு புறா அச்சு அப்படியே பதிந்திருந்தது. பருந்துப் படம் ஒட்டினால் பயந்து விலகுமா?

பூச்சிப்பிள்ளை | ஒக்டோபர் 9, இரவு 9:30

ஒற்றைப் பருந்துப் படம் உதவாது அக்கா, அதற்குப் பக்கத்தால் வந்து மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கப் புள்ளிகள், 5 சென்ரிமீற்றர் இடைவெளியில். உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

வேப்பங்காற்று | ஒக்டோபர் 12, இரவு 8:40

சனிக்கிழமை ரொசெற்றா தோட்டத்துக்கு மகளோடு போனேன். காற்று ஐயா சொன்ன பக்கம்தான். ரேர்க்கி வல்ச்சர்கள் சிறகை வி வடிவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடித்தவன் நடப்பதுபோலத் தள்ளாடிப் போயின. அதை நான் இனிப் பிழைவிடாமல் சொல்வேன். மற்றவை எல்லாம் எனக்குப் புள்ளிகள்தான், எண்ணுகிறவர்கள் எப்படித்தான் பெயர் சொல்கிறார்களோ.

ஆனால் மகள் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு ஒன்றைக் கண்டாள். எங்கள் தலைக்கு மேலாலேயே போனது. போகிற போக்கில் காலை வாய்க்குக் கொண்டுபோய் எதையோ கடித்தது, கண்ணாடிபோல ஏதோ சுழன்று விழுந்தது. அவள் ஓடிப்போய்ப் புல்லில் தேடி எடுத்தாள். தும்பிச் சிறகு. விளிம்பில் மஞ்சள் நரம்பு, நுனிப்பக்கம் சின்னக் கட்டம். பறந்தபடியே சாப்பிட்டு, சிறகைப் பிய்த்துப் போட்டிருக்கிறது! எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் அது பச்சை டார்னராக இருக்கும் என்றார். இரண்டும் ஒரே காற்றில்தான் தெற்கே போகுமாம், கெஸ்ட்ரலுக்கு வழிச்சாப்பாடு கூடவே வருகிறது.

மொனார்க் ஒன்றே ஒன்று. அஸ்ரரில் சிறகை விரித்து வைத்திருந்தது. பின்சிறகு நரம்பில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது, அது ஆணா?

பூச்சிப்பிள்ளை | ஒக்டோபர் 12, இரவு 9:05

ஆண்தான். ஒக்டோபர் நடுவில் மொனார்க்கா! கொடுத்து வைத்தவர்கள்.

மதுரைக்காரன் | ஒக்டோபர் 13, இரவு 10:50

எனக்கு ஒரு புகார். சில்வண்டு சத்தத்தை எண்ணி வெப்பநிலை சொல்லலாம் என்று 1897இல் டோல்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் சூத்திரம் போட்டதாகப் படித்தேன். எட்டு வினாடியில் எத்தனை தடவை கத்துகிறதோ அதோடு ஐந்தைக் கூட்டினால் செல்சியஸ். பால்கனியில் நின்று எண்ணினேன், 34 பாகை வந்தது. போனில் 12. சூத்திரம் டுபாக்கூரா, வண்டு டுபாக்கூரா?

பூச்சிப்பிள்ளை | ஒக்டோபர் 14, காலை 8:00

வண்டு வேறு அண்ணா. அந்தக் கணக்குப் பனிமர வண்டுக்குத்தான் சரிவரும். வெளிறிய பச்சை, புதரில் இருக்கும், தெளிவாக நிறுத்தி நிறுத்திக் கூப்பிடும், பக்கத்தில் இருப்பவையும் அதே தாளத்தில் சேரும். நீங்கள் எண்ணியது புல்லுக்குள் ஓயாமல் இரைகிற தரைவண்டாக இருக்கும். ஆனால் குளிரக் குளிர வேகம் குறைவது எல்லாவற்றுக்கும் பொது. இன்னும் இரண்டு கிழமை அதே பால்கனியில் கேளுங்கள், ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் நீளுவது காதுக்கே தெரியும்.

அந்தூரியம் | ஒக்டோபர் 27, காலை 10:15

செடிக்கடியில் தள்ளின இலைக்குள் வெண்கழுத்துச் சிட்டு இரண்டு வந்து நிற்கின்றன. இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிப் பின்னால் ஒரு உதை, இலை பறக்கிறது, உடனே ஒரு அடி முன்னால் பாய்ந்து எதையோ கொத்துகிறது. திரும்ப உதை. ஒரு மணித்தியாலமாகக் குசினி யன்னலில் நிற்கிறேன், சோறு அடிப்பிடித்துவிட்டது. கூட்டின முன் முற்றத்தில் ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வேப்பங்காற்று | நவம்பர் 8, இரவு 7:30

இன்னொரு கேள்வி. நேரம் மாற்றினபிறகு வேலைவிட்டு வரும்போது இருட்டு. ரூஜ் பூங்காப் பக்கம் அவர் காரில் கூட்டி வந்தார், லைற் வெளிச்சத்தில் வெளிறிய சின்ன அந்துப்பூச்சிகள் பறந்தன. வெளியே 4 பாகை! நான் கனவு காணவில்லைத்தானே?

பூச்சிப்பிள்ளை | நவம்பர் 8, இரவு 8:10

இல்லை அக்கா. புரூஸ் ஸ்பான்வேர்ம் என்று ஒரு அந்து, நவம்பரில்தான் பறக்கும். பறப்பதெல்லாம் ஆண். பெண்ணுக்குச் சிறகு இல்லை, மரத்தண்டில் ஏறிப்போய் இருந்து வாசனை விடும். ரோர்ச் எடுத்துக்கொண்டு போய் மரத்தண்டைப் பாருங்கள், குண்டாக, சிலந்திபோல நடக்கிற ஒன்று தெரியலாம். இந்தக் குளிரில் வௌவால் இல்லை, குருவிகள் தூங்கிவிட்டன. பறப்பதற்கு இதைவிட நல்ல நேரம் அதற்குக் கிடைக்காது.

நைட்ஷிப்ட் அண்ணா எடுத்த கிங்லெற்றுக்கும் இந்த வகைக்கும் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் நடுக்குளிரில் கிங்லெற் எதைத் தின்று உயிரோடு இருக்கிறது என்று பேர்ண்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் ஆராய்ந்து பார்த்தார். கிளையோடு கிளையாக உறைந்து ஒட்டியிருக்கிற அளவுப்புழுக்கள் (உடலை வளைத்து வளைத்து அளப்பதுபோல நடக்கிற அந்துப் புழுக்கள்). புரூஸ் ஸ்பான்வேர்ம் முட்டையாகக் குளிரைக் கழிக்கிறது, அதே குடும்பத்தில் வேறு சில புழுவாகவே கிளையில் இருந்துவிடும்.

ஏரிக்கரை ஐயா | நவம்பர் 8, இரவு 8:45

ஞாயிற்றுக்கிழமை வடமேல் காற்று காட்டுகிறது. பொன்கழுகுக்கு இந்த வருடம் இனி அதிக நாள் இல்லை. பத்து மணிக்கு ரொசெற்றாவில் நிற்பேன். மடிக்கிற கதிரை, தடித்த சப்பாத்து, இரண்டு சோடி காலுறை. நைட்ஷிப்ட் தம்பி, பைனாகுலர் என்னிடம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது, நீங்கள் வாங்கோ. மிசிசாகாத் தம்பியும் வரலாம், அன்றைக்குச் சோகம் வேண்டாம்.

அந்தூரியம் | நவம்பர் 8, இரவு 9:20

நான் வடை சுட்டுக்கொண்டு வருகிறேன். செப்டெம்பரில் பார்க்கில் வைத்துத் திறந்தபோது பாயசத்துக்குள் குளவி விழுந்து எல்லோரும் ஓடினோம். இப்போது வராதுதானே?

பூச்சிப்பிள்ளை | நவம்பர் 8, இரவு 9:35

வராது அன்ரி. கோடையில் கூட்டுப் புழுக்கள் கொடுக்கிற இனிப்புத்தான் வேலைக்காரக் குளவிக்குச் சாப்பாடு. செப்டெம்பரில் புழு குறைந்துவிடும், அதனால்தான் உங்கள் பாயசத்துக்கு வந்தது. இந்த உறைபனியோடு அவை முடிந்துவிட்டன, ராணிகள் எங்கோ விறகுக்கடியில் படுத்திருக்கும். ஆனால் கடற்காகம் வரும். வடையை மூடியோடு கொண்டு வாருங்கள்.